நவாப்பும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும்

ஹைதராபாத் டூர் போய்விட்டு வந்தவர்களிடம் சாலார் ஜங் மியூசியத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அங்கே ஒரு கடிகாரம் இருக்கு. பொம்மை வந்து மணி அடிக்கும்!" கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "முகத்திரை போட்ட பெண் சிலை." அதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு பாரடைஸ் பிரியாணிக்குத் தாவிவிடுவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுமார் 43,000 கலைப்பொருட்கள் இருக்கிற இடம் அது. கையெழுத்துச் சுவடிகளும் அச்சுப் புத்தகங்களும் இந்தக் கணக்கில் சேராது. கல்லூரி டூரில் மியூசியத்துக்கு ஒதுக்குவது இரண்டு மணி நேரம். சாயங்காலத்துக்குள் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் முடித்தாக வேண்டும். பஸ்ஸில் இருக்கும் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கடிகாரத்திலிருந்து தப்பித்து உள்ளே போனால், அங்கேயும் ஒரு கடிகாரம்தான் எல்லோரையும் இழுக்கிறது.

சரி, அந்தக் கடிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பதினொன்றே முக்கால் ஆனதுமே கூட்டம் சேரத் தொடங்கிவிடும். அப்பாக்கள் தோளில் குழந்தைகள் ஏறுவார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பட்டாளம் ஒன்று முன்வரிசையில் உட்கார்ந்துவிடும். கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி கம்பெனி விற்ற 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் அது. உள்ளே ஒரு கொல்லன் பொம்மை நொடிக்கு நொடி சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிறது. மணி ஆகும் நேரத்தில் சின்னக் கதவு திறந்து, தாடி வைத்த ஒரு குட்டி மனிதன் வெளியே வருவான். எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடுவான். அவ்வளவுதான். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு அடி கிடைக்கும் என்பதால் அந்த நேரத்துக்கு மவுசு அதிகம். டிவி, செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துப் பழகிய கூட்டம், ஒரு விரல் உயரப் பொம்மைக்காகக் கால்மணி நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் அங்கே நடக்கும் உண்மையான அதிசயம். பன்னிரண்டாவது அடி விழுந்ததும் கைதட்டல்கூடக் கேட்கும். அடுத்த இரண்டாவது நிமிடம் அந்த இடம் காலி.

இவ்வளவு பொருளையும் சேர்த்த மனிதர் யார் என்பது அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. சாலார் ஜங் என்பது ஒரு பட்டம். ஒரே குடும்பத்தில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று பேர் அந்தப் பட்டத்தோடு நிஜாமின் திவானாக இருந்தார்கள். தாத்தா மீர் துராப் அலி கான் 1853ல் திவான் ஆனபோது இருபதுகளின் நடுவில் இருந்தார். 1883ல் சாகும்வரை முப்பது வருடம் அந்தப் பதவியில் இருந்து, ஹைதராபாத் நிர்வாகத்தையே மாற்றி அமைத்தவர். மியூசியம் பெரும்பாலும் பேரனின் வேலை. அவர் பெயர் மீர் யூசுஃப் அலி கான், மூன்றாம் சாலார் ஜங். 1889 ஜூனில் புனேயில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்பா இறந்துபோனார். ஊர், பெயர், பட்டம், சொத்து எல்லாம் தொட்டிலிலேயே வந்து சேர்ந்துவிட்டன. அப்பா மட்டும் இல்லை.

1912ல் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இவரைத் திவான் ஆக்கினார். அப்போது வயது இருபத்து மூன்று. இரண்டு வருடம் தாண்டி 1914ல் பதவியிலிருந்து விலகிவிட்டார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அவர் செய்தது முக்கியமாக ஒரே வேலை: வாங்குவது. சீனாவிலிருந்து ஜாடிகள், ஜப்பானிலிருந்து பட்டுத் தையல் வேலைகள், பாரசீகக் கம்பளங்கள், பிரெஞ்சு நாற்காலிகள், ஆங்கிலேயக் கடிகாரங்கள், தந்தச் சாமான்கள், வாள்கள், கைத்தடிகள், பொம்மைச் சிப்பாய்கள். வியாபாரிகள் அவருடைய திவான் தேவ்டி அரண்மனையைத் தேடி வந்தார்கள். அவரும் ஐரோப்பாவுக்குப் போய் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இப்படி ஒருவர் வாங்கினால் என்ன ஆகும்? நல்லதும் சேரும், குப்பையும் சேரும். இதைச் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பியப் பகுதியில் நடந்தால், கன்னம் சிவந்த இடையர் பெண்களும், கொழுகொழு தேவதைக் குழந்தைகளும், பணக்கார வீட்டு ஹாலுக்கென்றே செய்த அலங்காரச் சாமான்களும் வரிசையாக வரும். கலை படித்தவர்கள் அந்த அறைகளில் உதட்டைப் பிதுக்குவது வழக்கம். அந்த ஓவியங்களில் பல, அப்போது ஐரோப்பாவில் நடுத்தர ரசனைக்காக விற்றவைதான். ஆனால் நாலு அறை தள்ளி ஜேட் என்ற பச்சைக் கல்லில் செய்த பொருட்கள் இருக்கும் அறைக்குள் போனால் அதே உதடு மூடிக்கொள்ளும். ஜஹாங்கீருடையது, நூர்ஜஹானுடையது என்று காட்டப்படும் கத்திகளின் கைப்பிடி வேலையை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். கையெழுத்துச் சுவடிகளின் பக்கம் போனால், மூன்று முகலாயப் பேரரசர்களின் கையெழுத்து இருக்கிறது என்று மியூசியம் சொல்லும் ஒரு குர்ஆன் பிரதி. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதியில் நடராஜரும் நிற்கிறார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே சட்டென்று நின்று, ஊர்க்காரரை வெளியூர் ஸ்டேஷனில் பார்த்த மாதிரி சிரிப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு வல்லுநர் குழு தேர்ந்தெடுத்திருந்தால் பாதிப் பொருள் உள்ளே நுழைந்திருக்காது. பொம்மைச் சிப்பாய்களுக்கு நிச்சயம் இடம் கிடைத்திருக்காது. கைத்தடிக்கு என்று ஒரு பகுதி இருந்திருக்காது. ஒரு மனிதனுக்குப் பிடித்ததெல்லாம் அப்படியே கிடப்பதால்தான் அந்த மனிதன் யார் என்று கொஞ்சமாவது தெரிகிறது. பேரரசனின் கத்தியைத் தேடிப் பிடித்த அதே ஆள், தகரச் சிப்பாய்களையும் வாங்கி அடுக்கியிருக்கிறார்.

முகத்திரைப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அது பேரன் வாங்கியது அல்ல. தாத்தா 1876ல் ஐரோப்பா போனபோது ரோமில் வாங்கியது. சிற்பி ஜியோவன்னி மரியா பென்சோனி. பைபிளில் வரும் ரெபெக்காள், தான் மணக்கப்போகும் ஈசாக்கு வயல்வெளியில் எதிரே வருவதைப் பார்த்ததும் முக்காடு போட்டுக்கொள்வாள். அந்த நிமிடம்தான் சிலை. முகத்தின் மேல் மெல்லிய துணி படர்ந்திருக்கிறது, துணிக்கு அடியில் மூக்கும் உதடும் தெரிகின்றன. எல்லாமே சலவைக்கல்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதை எப்படிச் செய்தார்கள்?" என்பதுதான். பதில் கொஞ்சம் விசித்திரமானது. அங்கே துணியும் இல்லை, துணிக்கு அடியில் முகமும் இல்லை. இருப்பது ஒரே ஒரு பரப்பு. மூக்கு, நெற்றி, கன்னம் மாதிரி துணி முகத்தைத் தொடக்கூடிய இடங்களில் கல்லை உருண்டையாக விட்டு, அதன் குறுக்கே மெல்லிய மடிப்புக் கோடுகளை ஓட்டிவிடுகிறார் சிற்பி. துணி தொங்கக்கூடிய இடங்களில் முகத்தின் விவரத்தை மங்கலாக்கிவிடுகிறார். மிச்சத்தைப் பார்க்கிறவரின் கண்ணே செய்துகொள்கிறது. சலவைக்கல்லுக்குள் வெளிச்சம் லேசாக ஊடுருவுவதும் கை கொடுக்கிறது. நேப்பிள்ஸில் 1753ல் ஜியூசெப்பே சான்மார்ட்டினோ செய்த திரை மூடிய கிறிஸ்து சிலையைப் பார்த்து ஜனங்கள் மிரண்டு, நிஜத் துணியை ரசவாதத்தால் கல்லாக மாற்றிவிட்டார்கள் என்றே கதை கட்டினார்களாம். அந்த வித்தையின் பேத்திதான் இந்த ரெபெக்காள்.

இன்னொரு விஷயம். இந்த ரெபெக்காள் ஒருத்தி அல்ல. அந்தக் காலத்தில் ஒரு சிலை பிரபலமானால் சிற்பியின் பட்டறையில் பல பிரதிகள் செய்து விற்பது வழக்கம். அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் டெட்ராய்ட்டிலும் இதே ரெபெக்காள் இருக்கிறாள். இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்தால் அந்த ஏமாற்றம் தீர்ந்துவிடும்.

அவளுக்கு நேர்மாறானது இரட்டைச் சிலை. ஒரே மரத்தில் முன்பக்கம் ஓர் ஆண், பின்பக்கம் ஒரு பெண். முன்னால் நிற்பவன் மெஃபிஸ்டோஃபிலிஸ், கோதேயின் ஃபாஸ்ட் நாடகத்தில் வரும் சாத்தான். தலை நிமிர்ந்து, ஒரு திமிர்ச் சிரிப்போடு நிற்கிறான். பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் பார்த்தால் தலை குனிந்து, கையில் ஜெபப் புத்தகத்தோடு மார்கரெட். அவனுடைய மேலங்கியின் மடிப்பே அந்தப் பக்கம் அவளுடைய உடை ஆகிறது. நாடகத்தில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அழிவது அந்தச் சாத்தானின் உதவியால்தான். இது தெரியாதவர்கள் "சூப்பர் ஐடியா!" என்பார்கள். தெரிந்தவர்கள் கண்ணாடியை இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். ஒரே முதுகு இரண்டு பேருக்கும்.

இனி 1949க்கு வரலாம். மார்ச் 2ஆம் தேதி நவாப் இறந்தார். ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அவருடைய உலகமே காலுக்கடியில் உருவப்பட்ட நேரம் அது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பொருட்கள் பல அரண்மனைகளில் குவிந்து கிடக்கின்றன. எந்த அறையில் எது இருக்கிறது என்பதே ஒரு தலைவலி. இந்த மாதிரி இடத்தில் கதை பொதுவாக எப்படிப் போகும் என்பதற்கு இந்தியா முழுக்க உதாரணம் உண்டு. தூரத்து உறவுகள் வருவார்கள், வழக்கு வரும், ஏலக்காரர் வருவார். இருபது வருடத்தில் ஜேட் கத்தி லண்டனிலும் கடிகாரம் யாரோ சினிமா தயாரிப்பாளர் வீட்டிலும் இருக்கும்.

அப்படி நடக்கவில்லை. அப்போது ஹைதராபாத் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த எம்.கே. வெல்லோடி இதை மியூசியமாக ஆக்க முனைந்தார். சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்த ஜேம்ஸ் கஸின்ஸ் அழைக்கப்பட்டார். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அயர்லாந்துக் கவிஞர். 1915ல் அன்னி பெசன்டின் பத்திரிகையில் வேலை பார்க்க மதராஸுக்கு வந்து, கடைசிவரை இந்தப் பக்கமே தங்கிவிட்டவர். மைசூர், திருவனந்தபுரம் ஓவியக் கூடங்கள் உருவானதிலும் அவர் கை உண்டு. 1951 டிசம்பர் 16ஆம் தேதி, நவாப் வாழ்ந்த அதே திவான் தேவ்டியில், நேரு மியூசியத்தைத் திறந்து வைத்தார். உறவினர்களோடு சமரசம் ஏற்பட்டு, எல்லாப் பொருளும் சட்டப்படி இந்திய அரசுக்கு வந்தது 1958ல். 1961ல் நாடாளுமன்றச் சட்டம். 1968ல் மூசி ஆற்றின் தென்கரையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

இந்த வருடங்களை வரிசையாகப் படிக்கும்போது எல்லாம் தானாக நடந்த மாதிரி இருக்கும். தானாக நடக்கவில்லை. நடுவில் ஒருவர் சோம்பல்பட்டிருந்தாலோ, ஒருவர் பேராசைப்பட்டிருந்தாலோ போதும், பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. ஒரே வருத்தம், அந்த வீட்டை விட்டு வந்தது. திவான் தேவ்டி அறைகளில் அவர் வைத்த இடத்திலேயே பொருட்களைப் பார்ப்பதும், எண் போட்ட கேலரிகளில் வகை வகையாகப் பிரித்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. இடமும் பாதுகாப்பும் தேவைதான், புரிகிறது. ஆனாலும்...

நவாப் பிறந்த புனேயிலேயே இன்னொரு மியூசியம் இருக்கிறது. சாலார் ஜங் பார்த்தவர்கள் அதையும் பார்த்துவிட வேண்டும். ராஜா தினகர் கேல்கர் மியூசியம். பெயரில் ராஜா இருப்பதால் இதுவும் ஏதோ சமஸ்தானத்து மகாராஜாவின் சேகரிப்பு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உள்ளே போனால் சிம்மாசனத்தைத் தேடுவார்கள். எதிரே இருப்பது பாக்குவெட்டி!

ஒன்றிரண்டு அல்ல. கிளி மாதிரி, குதிரை மாதிரி, ஆணும் பெண்ணும் நிற்கிற மாதிரி என்று விதவிதமான பாக்குவெட்டிகள். பக்கத்தில் விளக்குகள். தொங்கு விளக்கு, கை விளக்கு, யானை மேல் விளக்கு, மயில் விளக்கு. பூட்டுகள், சீப்புகள், பேனாப் பெட்டிகள், மரக்கதவுகள், வீணைகள், சமையல் பாத்திரங்கள். குளிக்கும்போது குதிகால் தேய்க்கும் பித்தளைத் தேய்ப்பான்கூட உண்டு. அதன் மேலேயும் யாரோ ஒரு கன்னான் ஒரு குட்டிப் பறவையை உட்கார வைத்திருக்கிறான். குதிகால் தேய்ப்பதற்கு எதற்கப்பா பறவை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதைப் பார்த்த பிறகு கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தேய்ப்பானைப் பார்த்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சாலார் ஜங்கில் பார்வையாளர் குரல் தாழ்கிறது. கேல்கரில் குரல் உயர்கிறது. "இது எங்க பாட்டி வீட்ல இருந்துச்சே!" என்பது எந்த மொழியில் சொன்னாலும் ஒரே தொனிதான். அடுத்த வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய பித்தளைக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டோம்.

தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990) நவாப் இல்லை. குடும்பத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. அஞ்ஞாதவாசி என்ற பெயரில் மராத்தியில் கவிதை எழுதினார். மனைவி பெயர் கமலாபாய். மகன் ஒருவன் ஏழு வயதில் இறந்துபோனான். அதன் பிறகு இந்தப் பொருட்களைத் தேடி அலைவதே அவருக்கு வாழ்க்கையாகிவிட்டது. ஊர் ஊராகப் போனார், கமலாபாயும் கூடப் போனார். பேஷ்வா முதலாம் பாஜிராவின் காதல் மனைவி மஸ்தானிக்காகக் கோத்ரூடில் கட்டிய மாளிகையின் பகுதிகளைக் கொண்டுவந்து மியூசியத்துக்குள்ளேயே மறுபடி பொருத்தி வைத்தார். அறுபது வருடத்தில் சேர்ந்தது சுமார் இருபதாயிரம் பொருள். கட்டடத்தில் காட்ட முடிந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். எல்லாவற்றையும் 1975ல் மகாராஷ்டிர அரசிடம் கொடுத்துவிட்டார்.

பணக்காரர் ஒருவர் கடைசியில் மியூசியத்தை விட்டுப் போவது புரிகிறது. கண்ணாடிக் கடை வருமானத்தில் ஒருவர் இருபதாயிரம் பொருளைச் சேர்ப்பதும், அதற்கு விலை பேசாமல் எடுத்துக் கொடுப்பதும் வேறு மாதிரி விஷயம். வந்தவர்களில் சிலர், மகன் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி முதல் அறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தச் சின்னச் சின்னச் சாமான்கள் வேறாகத் தெரியும். கிளிப் பாக்குவெட்டி, குட்டிப் பறவை, யானை விளக்கு... ஏழு வயசுப் பையன் கையில் எடுத்து விளையாடக்கூடியவை எத்தனை!

பெயர் விஷயத்துக்கு வரலாம். மராத்தியர் பெயர் எழுதும் வழக்கம் இப்படி: முதலில் சொந்தப் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். சேகரித்தவர் தினகர் கங்காதர் கேல்கர். வாசலில் இருப்பதோ ராஜா தினகர் கேல்கர். கங்காதர் இல்லை. அது அந்தப் பையனின் முழுப்பெயர். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி.